கரை சேராதவர்களின் கணக்கு

'ஆமென்' திரைப்படத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. அதன் வாயிலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் வருவோரை எதிர்கொள்கின்றன. உள்ளே பரந்து கிடக்கும் கற்பலகைகளில் பதினேழாம் நூற்றாண்டு வணிகர்கள், அதிகாரிகள், அவர்தம் மனைவி மக்கள் ஆகியோரின் பெயர்களும் நாள்களும் அழகிய எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. நூற்றாண்டுகளாக வீசும் உப்புக்காற்றால் அவ்வெழுத்துகளை அழிக்க முடியவில்லை. ஆனால் அதே காலத்தில் இதே கரையிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட மக்களுக்கு அங்கே ஒரு கல்லும் இல்லை, ஒரு பெயரும் இல்லை.

அண்மையில் ஒரு மாலை, ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் பங்கு இளைஞர்களோடும் பெரியவர்கள் சிலரோடும் அமர்ந்து 'ஆமென்' என்ற திரைப்படத்தைப் பார்த்தோம். படம் ஆங்கிலத்தில் பேசுவதால் இடையிடையே நிறுத்தித் தமிழில் விளக்க வேண்டியிருந்தது. படம் முடிந்ததும் இளைஞர் ஒருவர் நாம் எதிர்பார்த்த கேள்வியையே கேட்டார்: "அவ்வளவு தெரிஞ்சும் பாப்பரசர் ஏன் வாயத் திறக்கல?" விடை சொல்லச் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தோம். அதற்குள், ஏரியில் கையால் இறால் தடவிப் பிடித்துப் பிழைக்கும் அம்மா ஒருவர் குறுக்கிட்டார்: "அது கெடக்கட்டும் தம்பி. அந்த ரயிலு எத்தினி ஊரத் தாண்டிப் போயிருக்கும்? போம்போது ஆளு இருந்துச்சு, வரும்போது காலியா வந்துச்சு. வழியில இருந்தவங்க ஒருத்தரும் எண்ணிப் பாக்கலியா?"

இளைஞரின் கேள்வி உரோமையை நோக்கியது. அம்மாவின் கேள்வி நம் அனைவரையும் நோக்கியது. இரண்டும் நியாயமான கேள்விகளே. இப்படத்தை மதிப்பிடவும், இது போன்ற படங்களைக் கத்தோலிக்கராகிய நாம் எவ்வாறு பார்க்க வேண்டும் என்று தெளியவும் இவ்விரு கேள்விகளும் நமக்குத் துணை செய்யும்.

படம் சொல்லும் கதை

கிரேக்கத்தில் பிறந்த பிரெஞ்சு இயக்குநர் கோஸ்தா-காவ்ராஸ் 2002ஆம் ஆண்டு இப்படத்தை உருவாக்கினார். ஜெர்மானிய எழுத்தாளர் ரோல்ஃப் ஹோக்ஹூத் எழுதி, 1963இல் பெர்லினில் அரங்கேறிப் பெரும் புயலைக் கிளப்பிய 'பிரதிநிதி' என்னும் நாடகமே இதற்கு மூலம்.

கதையின் நடுநாயகமான கூர்ட் கெர்ஸ்டைன் கற்பனை மனிதர் அல்லர். 1905இல் பிறந்த அவர் சுரங்கப் பொறியாளர். பக்தியுள்ள புரொட்டஸ்டன்ட் கிறிஸ்தவர். மனநலம் குன்றியோரை நாஜி அரசு கொன்றொழித்த திட்டத்தில் அவருடைய உறவுப் பெண் ஒருவரும் மடிந்தார். உள்ளே நடப்பதை அறிய வேண்டும் என்று 1941இல் நாஜிகளின் எஸ்.எஸ். படையில் சேர்ந்தார். நச்சுயிரி ஒழிப்புக்கான வேதிப்பொருள்களைக் கையாளும் பிரிவில் அவருக்குப் பணி. 1942 ஆகஸ்டில் போலந்து நாட்டின் பெல்சாக் முகாமில் யூதர்கள் நச்சுப்புகையால் கொல்லப்படுவதைத் தம் கண்ணால் கண்டார். திரும்பும் இரயிலில் சுவீடன் நாட்டுத் தூதரக அலுவலர் ஒருவரிடம் அழுதுகொண்டே அனைத்தையும் சொன்னார். பெர்லினில் திருத்தந்தையின் தூதரைக் காணச் சென்றபோது அவருக்கு வாயில் திறக்கவில்லை. போர் முடிந்தபின் தாம் கண்டதை அறிக்கையாக எழுதிக் கொடுத்தார். 1945 ஜூலை 25 அன்று பாரிஸ் சிறையொன்றில் தூக்கில் தொங்கிய நிலையில் காணப்பட்டார்.

இந்த உண்மை மனிதரோடு ஒரு கற்பனை மனிதரைப் படம் இணைக்கிறது. அவர் ரிக்கார்தோ ஃபொந்தானா என்னும் இளம் இயேசு சபைக் குரு. கெர்ஸ்டைன் சொன்ன செய்தியை அவர் வத்திக்கானுக்குக் கொண்டு செல்கிறார். ஒவ்வொரு வாயிலிலும் கனிவான சொற்களே கிடைக்கின்றன. செயல் எதுவும் இல்லை. இறுதியில் அவர் தம் அங்கியில் யூதரின் மஞ்சள் விண்மீனைக் குத்திக்கொண்டு, உரோமை யூதர்களோடு தாமும் மரண இரயிலில் ஏறிவிடுகிறார்.

படத்தின் வலிமை

இப்படம் கொலைக்களத்தின் உட்புறத்தைக் காட்டுவதில்லை. அதிகாரிகள் கதவிலுள்ள சிறு துளை வழியே பார்க்கிறார்கள். கெர்ஸ்டைனையும் பார்க்கச் சொல்கிறார்கள். அவர் பார்க்கிறார், நாமோ பார்க்கும் அவர் முகத்தை மட்டும் பார்க்கிறோம். துன்புறுவோரின் உடல்களைக் காட்சிப் பொருளாக்க மறுத்த இந்த அடக்கம் இயக்குநரின் அறவுணர்வைக் காட்டுகிறது. நம் திரைப்படங்கள் பலவற்றில் இரத்தம் சிந்தப்படும் அளவையும் அதைப் பார்த்துப் பழகிப்போன நம் கண்களையும் எண்ணினால், இவ்வடக்கத்தின் அருமை விளங்கும்.

மீண்டும் மீண்டும் சரக்கு இரயில்கள் திரையைக் கடக்கின்றன. போகும்போது கதவுகள் சாத்தியிருக்கின்றன. வரும்போது திறந்து கிடக்கின்றன. உள்ளே ஒன்றும் இல்லை. உரையாடலும் விளக்கமும் இன்றி இக்காட்சியே படம் முழுவதும் ஒரு கணக்கைச் சொல்லிக்கொண்டு போகிறது. ஆங்கிலம் அறியாத அந்த அம்மாவுக்குப் படத்தின் சாரம் பிடிபட்டது இக்காட்சியால்தான்.

மௌனம் எவ்வாறு உருவாகிறது என்பதையும் படம் நுட்பமாகக் காட்டுகிறது. இதில் வரும் திருச்சபை அதிகாரிகள் கொடியவர்கள் அல்லர். நாகரிகமானவர்கள், செபிப்பவர்கள், விருந்து மேசையில் அமர்ந்து உலக நிலை குறித்துக் கவலையோடு பேசுபவர்கள். செய்தி உறுதிப்படவில்லை என்பார் ஒருவர். பேசினால் நிலைமை இன்னும் மோசமாகும் என்பார் இன்னொருவர். பொதுவுடைமையினரே பெரிய ஆபத்து என்பார் மற்றொருவர். தனித்தனியே கேட்டால் ஒவ்வொரு காரணமும் பொருத்தமாகவே தோன்றும். அவை ஒன்றுசேரும்போது இரயில்கள் தடையின்றிப் போகின்றன.

திருச்சபை பேசினால் என்ன நடக்கும் என்பதையும் படம் மறைக்கவில்லை. ஊனமுற்றோரும் மனநோயாளரும் கொல்லப்படுவதைக் கண்டித்து மூன்ஸ்டர் ஆயர் வான் காலன் 1941 ஆகஸ்ட் 3 அன்று ஆற்றிய மறையுரை வரலாற்றில் இடம்பெற்றது. அம்மாதமே அரசு அத்திட்டத்தை வெளிப்படையாக நடத்துவதை நிறுத்தியது. மறைவில் கொலைகள் தொடர்ந்தன என்பதும் உண்மை. நம் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக எழுந்த குரல் அண்டை வீட்டு யூதருக்காக ஏன் அதே வலிமையோடு எழவில்லை? படத்தின் தொடக்கத்தில் விதைக்கப்படும் இக்கேள்வி இறுதிவரை நம்மை விடுவதில்லை.

படத்தின் குறை

திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதரை இப்படம் எட்டத்தில் நிற்கும் ஒரு வெண்ணிற உருவமாகவே வைத்திருக்கிறது. கெர்ஸ்டைனின் உள்ளப் போராட்டத்துக்குள் நுழைந்த இயக்குநர், திருத்தந்தையின் உள்ளத்துக்குள் நுழைய முயலவில்லை. குற்றம் சாட்டப்படுபவருக்கும் ஒரு மனச்சாட்சி உண்டு என்பதை மறந்தால் கலை வழக்குரையாகச் சுருங்கிவிடும்.

திரைக்கு வெளியேயுள்ள வரலாறு இருபக்கமும் கனமானது. 1942 ஜூலை 26 அன்று ஹாலந்து நாட்டு ஆயர்கள் யூதர்கள் நாடு கடத்தப்படுவதைக் கண்டிக்கும் மடலை ஆலயங்களில் வாசிக்கச் செய்தார்கள். ஒரு வாரத்துக்குள் பழிவாங்கல் வந்தது. யூத குலத்தில் பிறந்து கத்தோலிக்கரானவர்கள் கைதுசெய்யப்பட்டார்கள். அவர்களுள் ஒருவரான கார்மேல் துறவி எடித் ஸ்டைன் ஆகஸ்ட் 9 அன்று ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார்; 1998இல் புனிதராக உயர்த்தப்பட்டார். பேசுவதற்கும் விலையுண்டு என்பதை உரோமை கண்ணால் கண்டது. உரோமை நகரின் கன்னியர் மடங்களும் துறவற இல்லங்களும் ஆயிரக்கணக்கான யூதர்களை ஒளித்துவைத்துக் காத்தன என்பதும் மறுக்க முடியாத வரலாறு.

மறுபக்கமும் உண்டு. வத்திக்கான் ஆவணக் காப்பகத்தில் பன்னிரண்டாம் பத்திநாதரின் காலத்து ஏடுகள் 2020 மார்ச் 2 அன்று ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. அவற்றிலிருந்து கிடைத்த மடல் ஒன்று 2023இல் வெளியானது. ஜெர்மானிய இயேசு சபைக் குரு லோத்தார் கேனிக், 1942 டிசம்பர் 14 அன்று திருத்தந்தையின் செயலருக்கு எழுதியது அது. பெல்சாக் முகாமில் நாளொன்றுக்கு ஆறாயிரம் பேர் வரை கொல்லப்படுவதாக அதில் சொல்லப்பட்டிருந்தது. பத்து நாள்கள் கழித்துத் திருத்தந்தை நிகழ்த்திய கிறிஸ்து பிறப்பு வானொலி உரையில், குற்றமேதுமின்றி, நாட்டினத்தின் பொருட்டோ குலத்தின் பொருட்டோ சாவுக்குக் குறிக்கப்பட்ட இலட்சக்கணக்கானோரை நினைவுகூர்ந்தார். யூதர் என்ற சொல்லும் நாஜி என்ற சொல்லும் அவ்வுரையில் இல்லை. 1943 அக்டோபர் 16 அன்று உரோமையிலேயே யூதர்கள் வளைத்துப் பிடிக்கப்பட்டனர். ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோருள் திரும்பி வந்தவர்கள் 16 பேர்.

ஆகவே திருத்தந்தை பேசவேயில்லை என்பது சரியன்று. அவர் பேசினார், பெயர் சொல்லிப் பேசவில்லை. கொல்லப்படுபவர் யார், கொல்பவர் யார் என்று சொல்லாத சொல், கேட்க விரும்பாதவரின் காதில் விழாமலேயே போகும். அவருடைய உள்நோக்கத்தைத் தீர்ப்பிடும் உரிமை நமக்கில்லை. ஆனால் பெயர் சொல்லாத சொல்லின் விளைவை எடைபோடும் கடமை நமக்கு உண்டு.

படத்தின் மற்றொரு குறை, அந்தக் கற்பனைக் குருவே. ஃபொந்தானாவின் தியாகத்தைக் கண்டு நாம் கண்ணீர் வடிக்கிறோம். நம் தரப்பிலும் ஒரு நல்லவர் இருந்தார் என்று ஆறுதல் கொள்கிறோம். கற்பனை தேவையில்லாத அளவுக்கு உண்மை மனிதர்கள் இருந்தார்களே! பெர்லின் புனித ஹெட்விக் பேராலயத்தின் அதிபர் பெர்ன்ஹார்ட் லிக்டன்பெர்க் 1938 நவம்பர் தொடங்கி நாள்தோறும் மாலைச் செபத்தில் யூதர்களுக்காக வெளிப்படையாக மன்றாடினார். 1941இல் கைதானார். 1943 நவம்பர் 5 அன்று தாஹாவ் முகாமுக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் உயிர்நீத்தார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1996இல் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். ஹோக்ஹூத் தம் நாடகத்தைக் காணிக்கையாக்கிய இருவருள் இவரும் ஒருவர். இவர் விண்மீனைக் குத்திக்கொண்டு இரயிலேறவில்லை. செபத்தில் ஒரு சொல்லைத் துல்லியமாகச் சொன்னார். அதற்கே உயிரைக் கொடுக்க நேர்ந்தது.

இன்னொரு படம்

மைக்கேல் கேட்டன்-ஜோன்ஸ் இயக்கி 2005இல் வெளிவந்த 'ஷூட்டிங் டாக்ஸ்' படத்தையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1994இல் ருவாண்டா நாட்டில் துத்சி இன மக்கள் கொல்லப்பட்ட காலத்தைச் சொல்லும் படம் இது. தலைநகர் கிகாலியில் சலேசிய சபையாரின் தொழிற்பள்ளியொன்றில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஐ.நா. படையின் பெல்ஜிய வீரர்களை நம்பி அடைக்கலம் புகுந்திருந்தனர். ஏப்ரல் 11 அன்று வீரர்கள் வண்டியேறிப் போய்விட்டனர். வாயிலில் காத்திருந்த கொலைகாரர்கள் உள்ளே வந்தனர். பிணங்களைத் தின்னும் நாய்களைச் சுட அணியமாயிருந்த படை, மனிதரைக் கொல்பவரைச் சுட ஆணையில்லை என்று கைகட்டி நின்றது. படத்தின் தலைப்பு சுட்டுவது அதைத்தான். நிகழ்ச்சி நடந்த அதே பள்ளியில், உயிர் தப்பியவர்கள் பலரையே பணியாளர்களாகக் கொண்டு படம் எடுக்கப்பட்டது.

இதில் வரும் முதிய குரு வெளியேறவில்லை. வ்யெகோஸ்லாவ் சூரிச் என்னும் பிரான்சிஸ்கன் சபைக் குருவின் வாழ்வே அப்பாத்திரத்துக்குத் தூண்டுதல். படுகொலைக் காலத்தில் பலரைக் காத்த அவர் 1998இல் கிகாலியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஐரோப்பியரின் கண்வழியாகவே ஆப்பிரிக்கரின் துயரைக் காட்டுகிறது என்று இப்படத்தைக் குறை கூறலாம்; அக்குறை நியாயமானது. எனினும் 'ஆமென்' காட்டாத ஒன்றை இது காட்டுகிறது. நிறுவனத்தின் மௌனம் சில வேளைகளில் வண்டிகள் புறப்படும் ஓசையாகவே கேட்கும். ருவாண்டாவில் ஆலயங்களே கொலைக்களங்களாயின; குருக்கள் சிலரும் துறவியர் சிலரும் கொலைக்கு உடந்தையாயினர். 2017 மார்ச் 20 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அதற்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார்.

நம் ஏரிக்கரை

இரயில் போன வழியில் இருந்தவர்களைப் பற்றி அந்த அம்மா கேட்டார். அக்கேள்வியோடு நம் கரைக்கே திரும்புவோம். இங்கும் ஒரு காலத்தில் ஆள்கள் போனார்கள், திரும்பவில்லை.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. 1690 வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் அதுவே அவர்களின் தலைமையிடம். இங்கே நெய்த துணியைக் கொடுத்துக் கீழ்த்திசைத் தீவுகளில் மசாலாப் பொருள்களை வாங்கினார்கள். சாதிக்காய் விளைந்த பண்டா தீவுகளை 1621இல் கம்பெனியின் ஆளுநர் யான் பீட்டர்சூன் கூன் படையோடு சென்று கைப்பற்றினார். ஏறத்தாழ 15,000 பேர் என்று மதிப்பிடப்படும் தீவு மக்களுள் எஞ்சியவர்கள் ஆயிரம் பேரளவே. கொலையும் பட்டினியும் நாடுகடத்தலும் மற்றவர்களைக் கொண்டுபோயின. இன்றைய வரலாற்றாசிரியர் பலர் இதனை இனப்படுகொலை என்றே குறிக்கின்றனர். ஆளற்றுப்போன தோட்டங்களில் உழைக்க ஆசியாவின் பல கரைகளிலிருந்து அடிமைகள் கொண்டுவரப்பட்டனர். கம்பெனி அடிமைகளை வாங்கிய கரைகளுள் பழவேற்காடும் ஒன்று. பஞ்ச காலங்களில் பசியால் விற்கப்பட்டோரும், போர்க் காலங்களில் சிறைபிடிக்கப்பட்டோரும் இங்கிருந்து படேவியா முதலிய இடங்களுக்குக் கப்பலேறினர். துணிக்கு எழுதியது போலவே ஆளுக்கும் கணக்கு எழுதப்பட்டது.

பண்டாவில் தலைவர்கள் 44 பேர் வெட்டிக் கொல்லப்பட்டபோது உடனிருந்த டச்சு அதிகாரி ஒருவர் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். கிறிஸ்தவர்களாகிய தாங்கள் அனைவரும் திகைத்துப் போனதாகவும், அச்செயலில் தங்களுக்கு மகிழ்ச்சியில்லை என்றும், நீதி யார் பக்கம் என்பதை இறைவனே அறிவார் என்றும் அதில் எழுதினார். கெர்ஸ்டைனுக்கு முந்நூறு ஆண்டுகள் மூத்த மனச்சாட்சி அது. அது கலங்கியது, எழுதியும் வைத்தது, கப்பல்களோ நிற்கவில்லை.

1632 முதல் பத்தாண்டுகள் பழவேற்காட்டில் டச்சுச் சபையின் போதகராக இருந்த ஆபிரகாம் ரோஜர், இந்து சமயத்தைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய முதற் பெருநூல்களுள் ஒன்றை எழுதினார். அவர் இறந்தபின் 1651இல் அது வெளிவந்தது. அந்தணரின் வாழ்வும் வழிபாடும் அந்நூலின் பொருள். கரையில் கப்பலேறியவர்கள் அதன் பொருள் அல்லர். அறிவும் ஆர்வமும் நிறைந்த ஒருவர் பத்தாண்டுகள் ஒரு கரையில் வாழ்ந்தும், எதை எழுதத்தக்க பொருளாகத் தேர்ந்தார் என்பது நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

டச்சுக்காரர் புரொட்டஸ்டன்ட் சபையினர்தாமே என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. பழவேற்காட்டு மகிமை மாதா திருத்தலத்தின் தொடக்கத்தை 1515ஆம் ஆண்டோடும் போர்த்துகீசியரோடும் இணைத்துப் பெருமையோடு சொல்கிறோம். அந்தப் போர்த்துகீசியரும் ஆள் விற்றவர்களே. திருத்தந்தை மூன்றாம் பவுல் 1537இல் புதிதாய் அறியப்பட்ட நாடுகளின் மக்களை அடிமைகளாக்குவதைக் கண்டித்து எழுதினார். கத்தோலிக்க வணிகரின் கப்பல்கள் அதன்பின்னும் நிற்கவில்லை. உரோமை பேசிய வேளையில் கரையில் இருந்தோர் கேட்கவில்லை. கரையில் இருந்தோர் கலங்கிய வேளையில் மேலிடம் பேசவில்லை. மௌனத்துக்கு ஒரே இருப்பிடம் என்று எதையும் நம்மால் சுட்ட முடியவில்லை.

மன்னாரில் ஒரு கழித்தல் கணக்கு

பழவேற்காட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி வெகுதொலைவு இல்லை. அங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பல்லாண்டுகளாக வாழும் குடும்பங்களை நம்மில் பலர் அறிவோம். அவர்களின் உறவினர் பலர் 2009இல் வன்னியில் இருந்தனர்.

2008 செப்டம்பரில் இலங்கை அரசு கேட்டதை ஏற்று, ஐ.நா. தன் வெளிநாட்டுப் பணியாளர்களைக் கிளிநொச்சியிலிருந்து வெளியேற்றிக்கொண்டது. போகவேண்டாம் என்று மக்கள் வாயிலில் நின்று மன்றாடினர். வண்டிகள் புறப்பட்டன. போரின் இறுதி மாதங்களில் எத்தனை பேர் மடிகிறார்கள் என்ற கணக்கை ஐ.நா. அலுவலர்கள் திரட்டியிருந்தும் அதனை உலகுக்கு உரிய வேளையில் முழுமையாகச் சொல்லவில்லை என்று, 2012 நவம்பரில் வெளியான ஐ.நா.வின் உள்ளக ஆய்வே ஒப்புக்கொண்டது. அரசுப் படையின் எறிகணைகள் மருத்துவமனைகளின் மீதும் விழுந்தன. விடுதலைப் புலிகள் மக்களைத் தப்பிச் செல்லவிடாமல் தடுத்தனர். சிறுவர்களையும் படைக்கு இழுத்தனர். 40,000 பொதுமக்கள் வரை மாண்டிருக்கக் கூடும் என ஐ.நா. வல்லுநர் குழு 2011இல் கூறியது. நடந்தது இனப்படுகொலையே என்று இலங்கையின் வடமாகாண சபை 2015இல் தீர்மானம் நிறைவேற்றியது. கொழும்பு அதனை மறுக்கிறது.

அந்நாள்களில் குருக்கள் பலர் மக்களோடு வன்னியிலேயே தங்கினர். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபரான அருட்பணி பிரான்சிஸ் ஜோசப் அவர்களுள் ஒருவர். 2009 மே 18 அன்று வட்டுவாகலில் சரணடைந்தோருடன் பேருந்தில் ஏறியதைக் கண்டவர்கள் உண்டு. அதன்பின் அவரைக் கண்டவர் இல்லை. ஃபொந்தானாவுக்காகத் திரையின்முன் அழுத நாம், இவருடைய பெயரை எத்தனை முறை நம் ஆலயத்தில் உச்சரித்திருக்கிறோம்?

2011 ஜனவரி 8 அன்று மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, இலங்கை அரசு அமைத்த விசாரணை ஆணைக்குழுவின் முன் சாட்சியம் அளித்தார். அவர் உணர்ச்சியுரை ஆற்றவில்லை. அரச அலுவலகப் பதிவேடுகளின்படி 2008 அக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர் 4,29,059 பேர். ஐ.நா. குறிப்பின்படி 2009 ஜூலை 10க்குள் அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 2,82,380 பேர். கழித்தால் 1,46,679. இத்தனை பேரும் கொல்லப்பட்டனர் என்று அவர் முடிவுகட்டவில்லை. இவர்கள் எங்கே என்று கேட்டார். அவரைப் புலிகளின் ஆதரவாளர் என்று ஏசியவர்கள் உண்டு. 2021 ஏப்ரல் 1 அன்று அவர் இறைவனடி சேரும்வரை அக்கேள்விக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை, இன்றும் இல்லை.

இலங்கைத் திருச்சபை சிங்களரும் தமிழரும் ஒரே திருப்பந்தியில் அமரும் திருச்சபை. ஆயினும் தெற்கின் குரலும் வடக்கின் குரலும் ஒன்றாக ஒலிக்கவில்லை. அவர்களைச் சொல்வானேன்? 2009ஆம் ஆண்டின் அந்த ஞாயிறுகளில் நம் ஆலயங்களில் விசுவாசிகளின் மன்றாட்டு எவ்வாறு அமைந்தது என்று எண்ணிப் பார்ப்போம். தெருவில் இறங்கிக் குரல் கொடுத்த பங்குகள் இருந்தன. 'உலகில் அமைதி நிலவ' என்ற பொதுவான ஒரு வரியோடு முடித்துக்கொண்ட பங்குகளும் இருந்தன. 1942ஆம் ஆண்டு வானொலி உரையில் நாம் காணும் குறை, நம் மன்றாட்டு ஏட்டிலும் இருக்கிறது. லிக்டன்பெர்க் எந்தச் சொல்லுக்காகச் சிறை சென்றாரோ, அது போன்ற ஒரு சொல்லை நாம் எவ்வித அச்சுறுத்தலும் இல்லாமலே விழுங்கிவிட்டோம்.

எண்ணுகிற ஆயர்

படம் பார்த்த அன்று கலையும்போது இருட்டிவிட்டது. கூனங்குப்பத்திலும் கோட்டைக்குப்பத்திலும் தோணிரேவிலும் வழிவழியாக உள்ள ஒரு வழக்கத்தை ஒரு பெரியவர் நினைவூட்டினார். படகுகள் திரும்பும் நேரத்தில் கரையில் நிற்பவர்கள் எண்ணுவார்கள். யாரும் அதைக் கற்றுத்தருவதில்லை. போனது எத்தனை, வந்தது எத்தனை? ஒன்று குறைந்தாலும் ஊர் உறங்காது. அது யார் படகு, எந்தச் சாதி, நமக்கும் அவர்களுக்கும் ஏரியில் பாட்டுத் தகராறு இருக்கிறதா என்றெல்லாம் அந்நேரத்தில் கேட்பதில்லை. டீசலைத் திரட்டிக்கொண்டு தேடக் கிளம்பிவிடுவார்கள். இறால் பிடிக்கும் அந்த அம்மா இரயிலைப் பார்த்துக் கேட்டது இந்தக் கரையின் கேள்விதான். மன்னார்க் கரையின் ஆயர் கேட்டதும் அதுவே.

கம்பெனியின் ஏட்டிலும் எண் இருந்தது. ஆயரின் சாட்சியத்திலும் எண் இருந்தது. முன்னது சரக்கின் எண்ணிக்கை. அதில் ஆள் குறைந்தால் இழப்பு பணத்துக்கே. பின்னது காணாமற் போனவரைத் தேடுகிறவரின் எண்ணிக்கை. நூறு ஆடுகளுள் ஒன்று தவறியதை ஆண்டவர் சொன்ன உவமையில் வரும் ஆயர் எவ்வாறு அறிந்தார்? மாலையில் எண்ணியதால் அறிந்தார். எண்ணாதவர் தேடிப் போவதற்கே வழியில்லை. மறைமாவட்டத் தலைவரை நாம் ஆயர் என்று அழைக்கும் தமிழ் வழக்குக்கு இப்பொருளும் உண்டு என்பதை மறவாதிருப்போம்.

'ஆமென்' போன்ற படங்கள் திருச்சபையின் பெயரைக் கெடுப்பவை என்று அஞ்சி ஒதுக்குவோர் நம்மிடையே உண்டு. யூத மக்களின் பேரழிவை நினைவுகூர்ந்து 1998இல் வத்திக்கானே ஓர் ஏடு வெளியிட்டது. 2000ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் திருச்சபையின் மக்கள் செய்த பாவங்களுக்காக உலகறிய மன்னிப்பு வேண்டினார். தலைமையே முழந்தாளிட்ட இடத்தில் நாம் நிமிர்ந்து நின்று வாதாட வேண்டியதில்லை. மறுபுறம், எல்லாப் பழியையும் ஒரு திருத்தந்தையின் மீது சுமத்திவிட்டு நிம்மதியாக வீடு திரும்புவதும் இப்படத்தைப் பார்க்கும் முறையன்று. இப்படத்தை நம் பங்குகளில் போட்டுப் பார்க்கலாம், பார்த்தபின் பேசலாம். உரோமையைப் பற்றி அரை மணி நேரம் பேசினால், நம் ஊரைப் பற்றியும் அரை மணி நேரம் பேசவேண்டும்.

அந்த இளைஞருக்கு நாம் சொன்ன விடை அவருக்கு நிறைவளிக்கவில்லை. "அப்ப நாம யார எண்ணணும்?" என்று கேட்டார். அதற்கு அந்த அம்மா, "மொதல்ல வராதவங்கள" என்றார். வருகிற ஞாயிறு மன்றாட்டை எழுதப்போகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.